இடைநிலைப்பள்ளியில் பி.ஜே. வகுப்பு: பினாங்குப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டு எஸ்.எம்.கே. எனும் தேசிய இடைநிலைப்பள்ளியில் சேரும் பிள்ளைகளின் பெற்றோர், உடற்கல்வி ஆசிரியரான என்னிடம் வருடா வருடம் கேட்பவை இவை. தீவில் இருப்பவர்களும் சரி, பட்டர்வொர்த், பிறைப் பக்கம் இருப்பவர்களும் சரி, ஏறக்குறைய இதையேதான் கேட்கிறார்கள். நோய், மருந்து பற்றிய இடங்களில் பிள்ளையைப் பார்க்கும் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

பி.ஜே. என்கிறார்கள், பி.கே. என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

ஒரே பாடத்தின் இரண்டு பகுதிகள். பி.ஜே. உடற்கல்வி, திடலில் நடப்பது. பி.கே. நலக்கல்வி, பெரும்பாலும் வகுப்பறையில். உணவு, பருவ வயது மாற்றங்கள், போதைப்பொருள், முதலுதவி எல்லாம் அதில் வரும். படிவம் 1 முதல் 5 வரை, அதாவது இடைநிலைப்பள்ளியின் ஐந்து ஆண்டும், எல்லாருக்கும் கட்டாயம்.

எஸ்.பி.எம்.மில் இதற்குத் தாளே இல்லையே. அந்த நேரத்தில் கணக்குப் போட்டால் என்ன?

படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசாங்கத் தேர்வில் இதற்குத் தாள் இல்லை என்பது உண்மை. எஸ்.பி.எம்.மில் 'சைன்ஸ் சுக்கான்' என்று விளையாட்டு அறிவியல் உண்டு, ஆனால் அது விரும்பி எடுக்கும் தனிப்பாடம். பி.ஜே. நேரத்தைக் கணக்குக்குக் கொடுத்துவிடலாம் என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காலையில் வேன், பள்ளியில் நாற்காலி, மதியம் டியூஷன், இரவில் கைப்பேசி. இந்த நாளில் அந்த 60 நிமிடத்தை எங்கே வைப்பீர்கள்? பி.ஜே. வகுப்பு மட்டும் அதை நிரப்பிவிடாது. ஆனால் பல பிள்ளைகளுக்கு வாரத்தில் வியர்வை வரும் நேரமே அது ஒன்றுதான்.

நம் வீடுகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வில், வயது வந்த மலேசிய இந்தியர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 31 பேருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் பெரிய இனங்களில் நாம்தான் முதலிடம். தாத்தாவுக்கு இனிப்புநீர், அப்பாவுக்கும் இனிப்புநீர் என்றிருக்கும் வீட்டுப் பிள்ளையை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லும்போது இதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

விளையாடினால் படிப்பு கெடும் என்று இன்னும் சொல்பவர்களுக்கு மணி ஜெகதீசனைக் காட்டலாம். 1960, 1964, 1968 என்று மூன்று ஒலிம்பிக்கில் ஓடியவர். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம். மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடி அவர் வைத்த தேசிய சாதனையை 2017 வரை யாராலும் முறியடிக்க முடியவில்லை. அவர் டாக்டரும்கூட.

தமிழ்ப்பள்ளியில் எல்லாப் போட்டியிலும் ஓடியவன், இங்கே வந்ததும் திடலோரத்தில் உட்கார்ந்துவிட்டான். சோம்பேறி ஆகிவிட்டானா?

சோம்பல் என்று முடிவு கட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். என்னிடம் வருவதில் ஆக முக்கியமான கேள்வி இதுதான். பெற்றோர் இதைத் தாமதமாகவே கேட்கிறார்கள், பெரும்பாலும் படிவம் 3 வந்த பிறகு.

சின்னத் தமிழ்ப்பள்ளி ஒன்றை நினைத்துப் பாருங்கள். வகுப்பில் பதினைந்து பேர். இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் எல்லாப் பிள்ளையும் ஏதாவது ஒன்றில் ஓடியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அஞ்சலோட்டத்துக்கே ஆள் போதாது. ஆசிரியருக்கு எல்லார் பெயரும் தெரியும். அங்கிருந்து ஆயிரத்துக்கும் மேல் மாணவர்கள் உள்ள பள்ளிக்கு வருகிறான். பேச்செல்லாம் மலாயில். ஆசிரியர் சொல்லும் ஆட்ட விதி பாதிதான் புரிகிறது. பக்கத்தில் நிற்பவன் ஆரம்பப் பள்ளியிலேயே மாவட்ட அளவில் ஓடியவன். அணி பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுகிற இரண்டு பேரில் இவனும் ஒருவன். இது மூன்று வாரம் நடந்தால் போதும், நான்காவது வாரம் 'கால் வலிக்குது சார்' என்பான். கால் வலி இருக்காது.

இதில் பள்ளியின் பங்கும் உண்டு. திறமையுள்ள நான்கு பேரை வைத்துப் பந்தை உருட்டிவிட்டு, மற்றவர்களை நிழலில் உட்கார விடும் வகுப்புகளை நானும் பார்த்திருக்கிறேன். உங்கள் பிள்ளை வகுப்பில் அப்படி நடந்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பள்ளி அணிக்கு ஆள் எடுப்பது வேறு வேலை, அதற்கு மாலைப் பயிற்சி இருக்கிறது. பி.ஜே. வகுப்பு அணியில் இல்லாதவர்களுக்கும் சேர்த்துத்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்? முதல் மூன்று மாதம் 'ஜெயிச்சியா?' என்று கேட்காதீர்கள். 'இன்னைக்கு என்ன விளையாடினீங்க, யார்கூட?' என்று கேளுங்கள். 'யாரும் இல்ல' என்ற பதில் இரண்டு மூன்று முறை வந்தால் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பள்ளி விடுமுறையிலேயே பந்து பிடிக்கவும், பேட்மிண்டனில் சர்வ் போடவும் பழகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். அப்புறம், பந்தயத்தைவிட மொழிதான் தடை என்று தெரிந்தால் திடலில் புழங்கும் மலாய்ச் சொற்களை முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள். பாரிஸ், லொம்பாட், ஹந்தார், தங்காப், கிலிரான். வரிசை, குதி, அனுப்பு, பிடி, உன் முறை. ஒரு மாலை நேரம் போதும்.

செகாக் என்பது என்ன? பிள்ளை பயந்து சாகிறாள்.

செகாக் என்பது மலேசியப் பள்ளி மாணவர்களுக்கான தேசிய உடல்தகுதிச் சோதனை. நான்காம் ஆண்டிலேயே தொடங்கி படிவம் 5 வரை வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். ஆகவே உங்கள் மகளுக்கு இது புதிதில்லை. புதிதாக வருவது, பையன்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்ற கூச்சம்தான்.

நான்கு சோதனைகள். முதலில் பெஞ்சில் ஏறி இறங்குவது. 30 சென்டிமீட்டர் உயரப் பெஞ்ச், மூன்று நிமிடம். ஒலிப்பெருக்கியில் நிமிடத்துக்கு 96 தட்டு கேட்கும், தட்டுக்கு ஒரு கால் வைக்க வேண்டும்: ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு. முடிந்ததும் உட்கார்ந்து நாடித்துடிப்பை எண்ணுவார்கள். துடிப்பு குறைவாக இருந்தால் நல்ல புள்ளி. இரண்டாவது ஒரு நிமிடம் தண்டால், பெண் பிள்ளைகள் முட்டியை ஊன்றிச் செய்யலாம். மூன்றாவது படுத்தபடி பாதி எழும் வயிற்றுப் பயிற்சி. நான்காவது காலை நீட்டி உட்கார்ந்து விரல் நுனி எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி, மொத்தம் 20. எடையும் உயரமும் தனியாக எழுதப்படும்.

பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் முதல் சோதனையில்தான், அதுவும் உடம்பில் வலு இல்லாததால் அல்ல. தட்டைக் கேட்காமல் பக்கத்து ஆளைப் பார்த்து ஏறுகிறார்கள். அவள் வேகமாக ஏறினால் இவளும் வேகமாக ஏறுகிறாள். ஒரு நிமிடத்திலேயே முகம் சிவந்து, மீதி இரண்டு நிமிடம் சுவரைப் பார்க்கிறார்கள். கைப்பேசியில் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலி ஒன்றை இறக்கி 96இல் வைத்து வீட்டில் பழகச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் முக்காலியில் மட்டும் ஏற விடாதீர்கள், வழுக்கி விழுந்து முன்பல் போன கதை உண்டு. ஆடாத மரப் பெஞ்ச் இருந்தால் சரி, இல்லையென்றால் அடுக்குமாடிப் படிக்கட்டின் கடைசிப் படி போதும். உயரம் குறைவுதான், ஆனால் தாளம் பிடிபட்டுவிடும்.

நான்காவது சோதனையில் பலர் முட்டியை மடக்கிவிடுகிறார்கள். தொலைக்காட்சி பார்க்கும்போது தரையில் காலை நீட்டி உட்காரப் பழகினாலே ஒரு மாதத்தில் மாற்றம் தெரியும். சோபா வந்த பிறகு நம் பிள்ளைகளின் பின்தொடை கயிறாகிவிட்டது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

மகள் கொஞ்சம் பருமன். எடை பார்க்கும் நாளில் பள்ளிக்கே போகமாட்டேன் என்கிறாள்.

எடையைச் சத்தமாகப் படிக்காமல், மற்றவர்கள் பார்க்காதபடி எழுதும்படி ஆசிரியரைக் கேளுங்கள். நியாயமான கோரிக்கை, முன்கூட்டியே சொன்னால் செய்துகொடுப்பார்கள். வீட்டிலும் ஒன்று இருக்கிறது. 'என்ன இப்படிக் குண்டாயிட்ட' என்று கல்யாண வீட்டில் அத்தைமார் கேட்பதை நீங்கள் சிரித்துக்கொண்டே கேட்டால், மகள் அதையும் கவனிக்கிறாள். அந்த இடத்தில் பேச்சை மாற்றுவது உங்கள் வேலை.

மாதவிடாய் நாளில் பி.ஜே. வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கலாமா?

வலி இல்லையென்றால் வேண்டாம். ஓடுவதால் எந்தக் கெடுதலும் வராது, லேசாக அசைந்தால் சிலருக்கு வலி குறையவும் செய்யும். பெண் பிள்ளைகள் ஒதுங்குவதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் கறை பட்டுவிடுமோ என்ற பயம். பையில் எப்போதும் இரண்டு பேட், கறுப்பு அல்லது கருநீல டிராக் சூட், உள்ளே போட ஒரு டைட்ஸ். கூடவே நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா. இதைக் கேட்க மகள் கூச்சப்படுவாள், அம்மாதான் வாங்கிக்கொடுக்க வேண்டும். அப்பா மட்டும் உள்ள வீடு என்றால் சித்தியோ அக்காவோ பார்த்துக்கொள்ளட்டும்.

மாதா மாதம் சுருண்டு படுக்கும் அளவுக்கு வலித்தாலோ, படியேறினாலே மூச்சு வாங்கி முகம் வெளுத்திருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். இரத்தச்சோகை இருக்கலாம், அரசாங்க கிளினிக்கில் இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பார்கள். சாப்பாட்டோடு தே ஓ குடிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதைத் தேநீர் தடுக்கும்.

ஆஸ்துமா இருக்கிறது. விலக்குக் கடிதம் வாங்கிவிடலாமா?

வருடம் முழுக்க விலக்கு வாங்குவதுதான் நிறையப் பெற்றோர் முதலில் யோசிப்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டுக்குள் இருக்கும் ஆஸ்துமாவோடு பிள்ளை ஓடலாம், நீந்தலாம். டாக்டரிடம் 'எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, ஓடுவதற்கு முன் இன்ஹேலர் எடுக்க வேண்டுமா?' என்று கேட்டு, அதையே கடிதமாக வாங்கிக் கொடுங்கள். 'உடற்கல்வி கூடாது' என்று ஒற்றை வரியில் வரும் கடிதத்தைவிட அது எங்களுக்கு நூறு மடங்கு உதவும். இன்ஹேலர் திடலுக்கு வர வேண்டும். மூன்றாம் மாடி வகுப்பறையில், பைக்குள், பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தால் பயனில்லை.

உண்மையிலேயே நிறுத்திவைக்க வேண்டிய அறிகுறிகள் வேறு. ஓடும்போது மயங்கி விழுவது, நெஞ்சுவலி, குடும்பத்தில் இளம் வயதிலேயே யாராவது திடீரென இறந்திருப்பது. இதில் ஒன்று இருந்தாலும் இருதயத்தைச் சோதித்த பிறகுதான் குறுக்கோட்டத்துக்கு அனுப்ப வேண்டும். ஆசிரியரிடம் மறைக்காதீர்கள்.

முட்டிச் சிப்பிக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தால் பயப்பட வேண்டாம். மளமளவென்று உயரும் வயதில், குதிக்கும் பிள்ளைகளுக்கு அது வருவதுண்டு. டாக்டரிடம் காட்டிவிட்டு, சில வாரம் குதிப்பதைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

காலணி எவ்வளவு விலையில் வாங்குவது?

விலையைவிட அளவைப் பாருங்கள். கறுப்புப் பள்ளிக் காலணியின் அடி மெல்லியது, சிமெண்டுத் தரையில் அதைப் போட்டு ஓடினால் குதிகால் வலிக்கும். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு, சாதாரண ஓட்டக் காலணி ஒன்று வாங்கினால் போதும். வளரும் கால், ஆறு மாதத்தில் சிறிதாகிவிடும், அதனால் முன்னூறு வெள்ளிக் காலணி வீண். அண்ணன் போட்ட காலணி என்றால் அடி பிளந்திருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். மலையேற மட்டும் என்றால், தோட்டத்தில் பால் மரம் சீவியவர்கள் போட்ட அந்தக் கறுப்பு ரப்பர் 'அடிடாஸ் கம்போங்' இன்றைக்கும் கெட்டிக்காரக் காலணிதான். ஈரப் பாறையில் வழுக்காது. ஓட்டத்துக்கு ஆகாது.

காலையில் சாப்பிடாமல் போகிறான். முதல் பாடமே பி.ஜே.

பினாங்கில் சூரியன் உதிப்பதே ஏழு மணிக்கு மேல். வேன் அதற்கு முன்பே வந்துவிடும். அந்த இருட்டில் தட்டு நிறையச் சாப்பிடச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் இறங்காது. ஒரு வாழைப்பழம், ரொட்டி இரண்டு துண்டு, ஒரு குவளை மைலோ போதும். மீதியை இடைவேளையில் பார்த்துக்கொள்ளலாம். கிளம்புவதற்கு முன் நாசி லெமாக்கை அமுக்கிவிட்டு ஓடினால் வயிறு புரட்டும். தண்ணீர் போத்தல் மறக்கக்கூடாது, ஒரு லிட்டராவது. இரவு பதினொன்றுக்கு மேல் கைப்பேசி பார்க்கும் பிள்ளைக்கு இதெல்லாம் செய்தும் பயனில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த வெயிலில் வெளியே ஓட விடுகிறார்களே?

2023 மே மாதம் வெப்பம் கடுமையானபோது கல்வி அமைச்சே பள்ளிகளின் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது. வானிலைத் துறை 35 முதல் 37 பாகை வெப்பம் மூன்று நாள் தொடர்ந்தால் முதல்நிலை எச்சரிக்கை விடும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, அதாவது ஐ.பி.யு., 100ஐத் தாண்டினால் திடலுக்குப் போகக்கூடாது. அந்த நாட்களில் வகுப்பு மண்டபத்துக்கு மாறும். பி.ஜே. உள்ள நாளில் விளையாட்டு உடையிலேயே பள்ளிக்கு வர இப்போது விடுகிறார்கள், அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: வியர்த்த உடையோடு மதியம் வரை உட்காராமல் இருக்க மாற்று டி-சட்டை ஒன்றைப் பையில் வைத்துவிடுங்கள்.

புறப்பாடப் புள்ளி எவ்வளவு முக்கியம்? சிலம்பம் கணக்கில் வருமா?

அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சி, 10 விழுக்காடு புறப்பாடம். நல்ல மதிப்பெண் எடுத்த இரண்டு பேர் ஒரே இடத்துக்குப் போட்டி போடும்போது இந்தப் பத்துதான் பேசும். சீருடை இயக்கம், மன்றம், விளையாட்டு என மூன்றிலும் சேர வேண்டும். வருகை, பொறுப்பு, எந்த நிலை வரை போட்டியில் கலந்தார் என்பவை புள்ளியாக மாறும். பெரிய வெற்றி எதுவும் இல்லாவிட்டாலும், ஒழுங்காக வந்த பிள்ளைக்கு வருகைப் புள்ளி முழுதாகக் கிடைக்கும். புதன்கிழமை மாலை டியூஷன் வைத்துப் புறப்பாடத்தைத் தவறவிடுபவர்கள் கையிலிருக்கும் புள்ளியை விட்டுவிடுகிறார்கள்.

சிலம்பம், கபடி, கராத்தே என்று வெளியே பழகும் பிள்ளைகளின் சான்றிதழ்களை வருடக் கடைசிக்குக் காத்திருக்காமல் புறப்பாடத் துணைத்தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். யார் ஏற்பாடு செய்த போட்டி, எந்த நிலை என்பதைப் பார்த்து அவர் சொல்வார். மூலப் பிரதியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

நாங்கள் இருப்பது அடுக்குமாடி. விளையாட இடமில்லை.

கயிறு தாண்டலாம், ஆனால் கீழ்வீட்டுக்காரர் மேலே வருவார். கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய்த் தாண்டச் சொல்லுங்கள். மின்தூக்கியை விட்டுப் படியில் ஏறுவதும் பயிற்சிதான்.

ஞாயிறு காலை குடும்பமாகக் கிளம்ப இங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. தீவில் தாவரவியல் பூங்கா, இளைஞர் பூங்கா. பெருநிலத்தில் புக்கிட் மெர்தாஜாமின் செரோக் தோக்குன் காடு. தாவரவியல் பூங்காவில் பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுப் போகாதீர்கள், குரங்கு பறித்துக்கொள்ளும். பக்கத்திலேயே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படிகள். தைப்பூசத்துக்கு மட்டும் ஏறாமல் மாதம் ஒரு முறை ஏறிப் பாருங்கள். பிள்ளை எந்தப் படியில் நின்று மூச்சு வாங்குகிறான் என்று கவனியுங்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்தைக் கடந்து போவான். நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதை அவனும் கவனிப்பான், அதற்குத் தயாராக இருங்கள்.

நல்ல திறமை, விளையாட்டுப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்கிறார் பயிற்றுநர். அனுப்பலாமா?

மலேசியாவில் இதற்கென்றே உள்ள பள்ளிகளில் பெயர் பெற்றவை கோலாலம்பூரில் 1996இல் தொடங்கிய புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியும், ஜொகூர் பண்டார் பெனாவாரில் உள்ள துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளியும். தேர்வுச் சோதனை வைத்துத்தான் எடுப்பார்கள். விடுதியில் தங்க வேண்டும்.

பினாங்குப் பிள்ளைக்கு உச்சிக்குப் போக ஒரே வழி அதுதான் என்று நினைக்க வேண்டாம். எட்டு முறை உலக ஸ்குவாஷ் வெற்றியாளரான நிக்கோல் டேவிட் பினாங்கில் விளையாடி வளர்ந்தவர். மாவட்டம், மாநிலம், பிறகு தேசியம் என்று பள்ளி விளையாட்டு மன்றப் போட்டிகள் வழியாகவும் ஏறலாம்.

முடிவெடுக்கும் முன் பயிற்றுநரிடம் சில கேள்விகள் கேளுங்கள். காயம் பட்டு ஆறு மாதம் ஆட முடியாவிட்டால் என்ன ஆகும்? எஸ்.பி.எம். ஆண்டில் பயிற்சி நேரம் எப்படி? திரும்பி வர நினைத்தால் பழைய பள்ளியில் இடம் கிடைக்குமா? பதில் தெளிவாக வந்தால், பிள்ளையோடு விடுதியை நேரில் போய்ப் பாருங்கள். மாலைப் பயிற்சி நடக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள், அங்கே ஏற்கனவே படிக்கும் மாணவர்களோடு அவன் தனியாகப் பேசட்டும். திரும்பி வரும் வழியில் நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். அவனாக என்ன சொல்கிறான் என்று கேட்டுவிட்டு அப்புறம் விண்ணப்பத்தை நிரப்பலாம்.